சாத்தூர்ப் பிள்ளைகள் பேசவே இல்லை என்றது கணினி

1

மலேசியாவில் ஈப்போவுக்கு வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது என்று பெர்மிட்தான் ஞாபகப்படுத்தியது. அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர். ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டர். டோக்கன் எண் நகரவே இல்லை. அந்த மாதிரி நேரத்தில் நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் நாங்களும் செய்தோம். ஊர், சம்பளம், கல்யாணம் என்று ஒருவரையொருவர் விசாரித்து முடித்தோம். கடைசியாக வேலைக்கு வந்தார்.

"காலேஜ்ல வாத்தியாரா? இங்க உள்ள பிள்ளைகளுக்கா எடுக்குறீங்க?"

"இங்க உள்ள பிள்ளைங்களுக்கும் எடுக்கிறேன், சாத்தூர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கும் எடுக்கிறேன். ரெண்டும் ஒரே வகுப்புண்ணே. கேமரா வழியா."

"தம்பிக்கு எந்த ஊருன்னு சொன்னீங்க?"

"சாத்தூர்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாத்தூர்க்காரரு, சாத்தூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஈப்போவுக்கு வந்தீங்களாக்கும். டிக்கெட்டுக் காசு தண்டம் தம்பி."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதே கேள்வியைப் போன பருவத்தில் யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்காது. அழுகைதான் வந்திருக்கும். டோக்கன் இன்னும் நகராததால் அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்ட டீச்சர்களிடம் "ஆபீஸ்ல இருக்கார்" என்று நிமிர்ந்து சொல்லிப் பல வருடம் ஓட்டினேன். பட்டம் வாங்கியது ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் இருக்கிற கல்லூரியில். அங்கே படித்து வெளிநாட்டில் வாத்தியாரானவன் என்று என் பெயரை அவ்வப்போது சொல்வார்களாம். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காவிட்டால் வருத்தமாகவும் இருக்கும்.

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் துறைத்தலைவர் டாக்டர் மனோன்மணி. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். பேத்தியும் ரயில் மாதிரிதான், ஒரு நிமிடம் பிந்தமாட்டார். ஒருநாள் கூட்டத்தில், வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து இணைய வழியில் ஒரு பாடம் நடத்தப்போகிறோம், இரண்டு பக்கத்து மாணவர்களும் ஒரே வகுப்பாக இருந்து ஒரே வேலையைச் செய்யவேண்டும், யாருக்காவது தொடர்பு இருக்கிறதா என்று கேட்டார். ஒருவர் ஆஸ்திரேலியா என்றார். இன்னொருவர் தைவான் என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"எங்க ஊர்க் காலேஜ் இருக்கு டாக்டர்."

பாடம் சிறுதொழில் நிர்வாகம். ஒரு ஈப்போப் பிள்ளை, ஒரு சாத்தூர்ப் பிள்ளை என்று இருவர் இருவராகச் சேர்த்தோம். இங்கே உள்ளவர்கள் புந்தோங்குக்குப் போய், கச்சாங் பூத்தே என்று இங்கே சொல்கிற கடலை, பட்டாணி, முறுக்கு வகையறா வறுத்து விற்கிற கடைகளைப் பார்க்கவேண்டும். அங்கே உள்ளவர்கள் காராச்சேவுக் கடைகளைப் பார்க்கவேண்டும். ஒரு கிலோ போட்டு விற்றால் என்ன செலவு, என்ன மிச்சம் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரே இணையத் தாளில் கணக்குப் போடவேண்டும். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துப் பாடம் படிக்கலாம் என்றதும் இரண்டு ஊரிலும் ஆரவாரம்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. பதிவு செய்யும் பக்கம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சாத்தூர்ப் பிள்ளைகள் அப்பா பெயரைப் போட்டார்கள். மென்பொருள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மாணவர் பட்டியலில் காட்டியது. கொஞ்ச நாள் இங்கே ஒரு சீனப் பையன், கா வெய் என்று பெயர், மிகுந்த மரியாதையோடு, "ஹலோ முத்தையா, கேன் யூ ஹியர் மீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். முத்தையா சாத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பாண்டிச்செல்வி முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தாள்.

3

இரண்டரை மணி நேர வித்தியாசம். இதில் இரண்டு ஒன்றும் செய்யாது, அரைதான் படுத்தும். சாத்தூரில் காலைச் சாப்பாடு முடித்துத் தெம்பாக உட்காரும்போது ஈப்போவில் பகல் பசி. ஹேமா என்று ஒரு மாணவி, சுங்கை சிப்புட் பக்கத்தில் மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்துக் குடும்பம், பாண்டிச்செல்வியின் கூட்டாளி, தினமும் ஒரே பாட்டைப் பாடுவாள்.

"சார், சீக்கிரம் பெரட்டு எடுங்க சார். லாப்பார் லா."

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவது. தோட்டம் போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் வருகைப்பதிவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. லாப்பார் என்றால் பசி. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக் காட்டுவாள்.

வகுப்பு நடந்தது. நடந்தது என்றுதான் நினைத்தேன். பாதிப் பருவத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஓர் அறிக்கையைக் காட்டினார். யார் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று மென்பொருளே கணக்கெடுத்துக் கொடுக்கும். அதை வைத்துத்தான் பங்கேற்பு மதிப்பெண். அந்த மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி இல்லை என்று இரண்டு கல்லூரியும் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஈப்போப் பெயர்களுக்கு எதிரே நீலக் கோடுகள் நீளமும் குட்டையுமாக ஓடின. சாத்தூர்ப் பெயர்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

"சார், உங்க ஊர்ப் பிள்ளைங்க வாயே திறக்கலையே?"

"கூச்சப்படுறாங்க டாக்டர்."

"கூச்சம்னு ஒரு கட்டம் இந்த ரிப்போர்ட்ல இல்லையே சார். நான் எங்க எழுதுறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இது கடைசிப் பருவம். இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் அரியர். அரியர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வேலைக்கு எடுக்க வருகிற கம்பெனிக்காரர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். பாதிப் பேர் என்னைப் போல வீட்டிலேயே முதலாவதாகப் படிக்க வந்தவர்கள். வேறு பாடம் எடுத்திருந்தால் பேசாமல் பாஸாகிப் போயிருப்பார்கள். ஊர்ப் பாசத்தில் கையைத் தூக்கிய ஒருவனால் ஒரு வகுப்புக்கே அரியர் விழப்போகிறது.

இத்தனைக்கும் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு ஒரு தடயம் இருந்தது. ஹேமாவும் பாண்டிச்செல்வியும் எழுதும் இணையத் தாளில் ஒரு வரி வருவதும் மறைவதுமாக இருந்தது. காலையில் பார்த்தால் "கொசுறு" என்று ஒரு செலவு இருக்கும். மாலையில் இருக்காது. மறுநாள் காலையில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். ஹேமாவிடம் கேட்டேன்.

"நாந்தான் சார் டிலீட் பண்றேன். அது ஏதோ தப்பா டைப் பண்ணிருக்கு அந்தப் பொண்ணு. அப்படி ஒரு சாமானே கிடையாது லா."

விளக்கியிருக்கலாம். அன்றைக்கு என் தலைக்குள் அரியர் தவிர வேறு எதுவும் நுழையவில்லை.

4

சாத்தூர்ப் பக்கம் வகுப்பைப் பார்த்துக்கொள்பவன் பிரபு. என்னோடு படித்தவன், இப்போது அதே கல்லூரியில் ஆசிரியர். அறிக்கையைச் சொன்னதும் ஃபோனிலேயே குதித்தான்.

"யாரு பேசல? ஏன் மாப்ள, எம்பிள்ளைக போடுற சத்தத்துல பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து சண்டை போட்டுட்டுப் போறாரு. நீ புரிஞ்சுதான்னு கேட்டா மொத்தமா கத்துறாங்கடா!"

"எனக்கு ஒரு சத்தமும் வரல பிரபு. நீங்க எல்லாரும் சாமி கும்பிடுற மாதிரி அமைதியா உட்கார்ந்திருக்கீங்க."

"காதை டாக்டர்ட்ட காட்டு. உங்க டாக்டர்ட்ட இல்ல, நெசமான டாக்டர்ட்ட."

அடுத்த வகுப்பில் அவன் தன் ஃபோனில் தனியாக ஒலிப்பதிவு செய்து அனுப்பினான். அதையும் மென்பொருள் எடுத்து வைத்திருந்த பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். அவன் பதிவில் மின்விசிறி கடகடக்கிறது, பைபாஸில் லாரி ஹார்ன் அடிக்கிறது, நான் "இந்த விலை கட்டுமா?" என்று கேட்டதும், "கட்டாது சார்ர்ர்" என்று கூரை பறக்கிறது. மென்பொருள் பதிவில் அதே இடத்தில் கிணற்றுக்குள் இருப்பது போல அமைதி.

பிறகுதான் உறைத்தது. வெளி இரைச்சலை வடிகட்டுகிற ஓர் ஏற்பாடு அதில் உண்டு. ஒருவர் பேசினால் குரல் என்று எடுத்துக்கொள்ளும். மின்விசிறி, ஹார்ன், கூட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் கழித்துவிடும். நம் ஊரில் வாத்தியார் வகுப்பைப் பார்த்துக் கேள்வி கேட்டால் வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும். ஒருத்தி மட்டும் தனியாகச் சொன்னால், "பெரிய இவ" என்று இடைவேளையில் வாங்கிக் கட்டிக்கொள்வாள். நானும் பட்டம் வாங்கும்வரை அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் பதில் சொன்னேன். மென்பொருள் எழுதியவர் எந்த ஊரில் படித்தாரோ, ஒரு வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவில்லை. லாரியோடு சேர்த்துப் பிள்ளைகளையும் கழித்துவிட்டது.

வடிகட்டியை அணைத்துவிட்டோம். அடுத்த வகுப்பில் மின்விசிறியும் வந்தது, ஹார்னும் வந்தது, "புரிஞ்சது சார்ர்ர்" என்பதும் வந்தது. ஈப்போப் பிள்ளைகள் அரண்டுபோனார்கள். கா வெய் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "சார், வாட் ஹேப்பன்? ஃபயர்?" என்றான்.

நான் துள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் புதிய அறிக்கையைத் திறந்து காட்டினார். சாத்தூர் வகுப்பறைக் கணினியில் பிரபுவின் கணக்குத்தான் திறந்திருந்தது. அதனால் எல்லாருடைய குரலும் அவன் பெயரில் ஏறியிருந்தது. பங்கேற்பில் பிரபுவுக்கு நூற்றுக்கு நூறு. பிள்ளைகளுக்கு அதே வெள்ளை.

"நடந்தது எனக்கு விளங்குது சார். ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா ஒரு கோடு வேணும். அது இல்லாம நான் கையெழுத்து வைக்க முடியாது."

5

தனிக் கோடு வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தங்கள் ஃபோனிலிருந்து உள்ளே வரவேண்டும். ஆனால் அந்தக் கல்லூரியில் மாணவர்கள் ஃபோன் கொண்டுவரக் கூடாது. பிடித்தால் பெற்றோரைக் கூட்டிவந்துதான் வாங்கிப்போகமுடியும். நான் படித்த காலத்திலேயே இருந்த சட்டம். அப்போது என்னிடம் ஃபோனே இல்லாததால் நான் அதை மிக ஒழுக்கமாகக் கடைப்பிடித்தேன்.

பிரபு முதல்வரிடம் போனான். முதல்வர், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே இருந்தவர், எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தால், வெளிநாட்டுக் கல்லூரி கேட்கிறது என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நான் இங்கிருந்து கடிதம் அனுப்பினேன். அதில் முத்திரை இல்லை என்றார்கள். இங்கே முத்திரை வைக்கிற வழக்கமே இல்லை. கடைசியில் புந்தோங்கில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரும் கடையைத் தேடிப்போய், டாக்டரின் அனுமதியோடு ஒன்று செய்து, நன்றாக மை தடவி ஓங்கிக் குத்தி அனுப்பினேன். மறுநாளே அனுமதி வந்தது. கடைசி வகுப்புக்கு மட்டும். வகுப்பு முடிந்ததும் ஃபோன்களை ஒப்படைத்துவிட வேண்டும்.

ஆக, இருப்பது ஒரே ஒரு வகுப்பு. அதில் எல்லாரும் தனித்தனியாக வாய் திறக்கவேண்டும். நேரில் உட்கார்ந்து பார்ப்பதாக டாக்டரும் சொல்லிவிட்டார்.

6

கடைசி வகுப்பன்று சாத்தூர் வகுப்பு, திரையில் முதன்முறையாக ஒரே சட்டமாக இல்லாமல் சின்னச் சின்னச் சட்டங்களாக வந்தது. இயர்ஃபோன் மாட்டிய முகங்கள். நான் குட் மார்னிங் சொன்னதும் வழக்கப்படி எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஃபோன்கள் மேசையிலேயே நின்றன. டாக்டர் மனோன்மணியின் கண் முன்னால் வரிசை வரிசையாக இடுப்புகள்.

"ஏன் சார் இப்படி?"

"மரியாதை டாக்டர்."

பெயர் பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் எழுந்து, "குட் மார்னிங் சார், குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால், "நல்லா இருந்தது சார்" என்றார்கள். பாண்டிச்செல்வி அதையும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டலுக்கு நீலக் கோடு விழாது. பிரபு பின்னாலிருந்து, பேசு, பேசு என்று கையால் சைகை காட்டுவது அவளுடைய சட்டத்தில் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஈப்போப் பக்கத்திலிருந்து ஹேமா மைக்கைத் திறந்தாள். அவளுக்குப் பசி.

"பாண்டிச்செல்வி, நான் ஒண்ணு கேக்கணும். நீங்க ஏன் அந்தக் கொசுறு வரியத் திரும்பத் திரும்பப் போடுறீங்க? நான் டிலீட் பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன் லா."

பாண்டிச்செல்வி சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா, அது நீங்கதானா அழிக்கிறது? நான் நெட்டு சரியில்லன்னு நினைச்சு தினமும் உக்காந்து அடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

"அப்படின்னா என்னா சாமான் அது?"

"சாமான் இல்லக்கா. காக்கிலோ சேவு நிறுத்துப் போட்ட பிறகு மேக்கொண்டு ஒரு கை அள்ளிப் போடுவாக. அதான் கொசுறு."

"காசு வாங்காமலா?"

"காசு வாங்குனா அதுக்குப் பேரு கொசுறா?"

"அது ருகி லா! நட்டம்! நான் போன புந்தோங் கடையில நிறுத்து, பிளாஸ்டிக்ல போட்டு, ஒட்டி வச்சிருவாங்க. ஒரு கடலை கூடப் போகாது. உங்க கடைக்காரருக்கு வியாபாரம் தெரியல."

பாண்டிச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். இந்த முறை ஃபோனையும் கையில் எடுத்துக்கொண்டு. "அவுகளுக்கா தெரியல? கொசுறு போடலைன்னா ஆளுக அடுத்த கடைக்குப் போயிருவாக. எங்க தெருவுல வரிசையா சேவுக் கடைதான். அது நட்டம்னே வச்சுக்கோங்க. நட்டத்தக் கணக்குல எழுத வேணாமா? அழிச்சுட்டா இல்லைன்னு ஆயிருமா? நீங்க போட்டிருக்கீகளே ஒரு லாபம், அந்த லாபத்த நம்பி ஒருத்தன் கடை போட்டான்னா ஆறு மாசத்துல மூடிட்டுப் போயிருவான்."

"ஆமாக்கா, அவ சொல்றது நெசம்" என்று ஒரு சட்டத்திலிருந்து ஒரு பையன். "கடைசி வரைக்கும் சும்மா இருந்துட்டு இப்ப ஆமாவா?" என்று இன்னொருத்தி அவனைப் பிடித்தாள். "கொசுறு வேற, சாம்பிள் வேற, அதைத் தனியாப் போடணும்" என்று ஒருவன். "எங்க கடைக்காரர் தெரிஞ்சவங்களுக்கு மட்டுந்தான் போடுறாரு" என்று வேறொருத்தி. "ஒன் மூஞ்சியப் பாத்தா யாரு போடுவா?" என்று மறுபடியும் அந்தப் பையன். கா வெய் புரியாமல் தவித்து, "வை ஃபைட்டிங்?" என்றான். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் சாத்தூரிலிருந்து ஒருவன், "ப்ரோ, ஃப்ரீ சேவு, எவ்ரி கஸ்டமர், ஒன் ஹேண்ட்" என்று கையை விரித்துக் காட்டினான். கா வெய் யோசித்தான். "வாவ். ஹூஸ் ஹேண்ட்? பிக் ஹேண்ட், ஸ்மால் ஹேண்ட்?" அந்தக் கேள்வியில் இரண்டு வகுப்பும் ஒன்றாகப் பற்றிக்கொண்டது. கடைக்காரர் கையா, அவருடைய மனைவி கையா, கையை எப்படிச் செலவாக மாற்றுவது, கிலோவுக்கு எத்தனை கை. பாண்டிச்செல்வி தான் வீட்டுக்கு வாங்கிய கொசுறைத் தனியே எடுத்துவைத்து, தெருமுனைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதியதாகச் சொன்னாள். ஹேமா இணையத் தாளைத் திறந்து அந்த வரி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"சரி, போட்டுக்குங்க. நான் இனிமே தொடல. ஆனா எங்க பக்கத்துக்கும் ஒரு வரி வேணும். கடைக்கார அக்கா, வாங்குறதுக்கு முன்னால தின்னு பாருன்னு குடுத்துக்கிட்டே இருக்காங்க. நாங்க எல்லாரும் தின்னோம். அதை நான் கணக்குல எழுதல."

"எவ்ளோ தின்னீக?"

"அதைக் கேக்காதீங்க லா."

வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் போகவில்லை. சாத்தூரில் ஃபோனை வாங்க வந்த அலுவலக உதவியாளர் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் மனோன்மணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். அறிக்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"எல்லாரும் பாஸ் சார். ஒருத்தரத் தவிர."

"யாரு டாக்டர்? குட் மார்னிங்கோட நிறுத்துனவங்க யாராவதா?"

"அவங்கல்லாம் நல்லா சண்டை போட்டாங்க. அந்த முத்தையா மகள்தான் முதலாவது, ரெண்டு ஊரையும் சேர்த்து." தாளைத் திருப்பினார். வரிசை வரிசையாக நீலக் கோடுகள். சில நீளம், சில குட்டை, வெள்ளை எங்குமே இல்லை. அடியில் கடைசிப் பெயருக்கு எதிரே மட்டும் நூல் போல ஒரு துளி. "இது நீங்க. ஆரம்பத்துல ஒரு குட் மார்னிங், பேர் கூப்பிட்டது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு வாயே திறக்கல."

திறக்க இடம் கிடைக்கவில்லை என்றேன். தேவையும் இருக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"அப்ப எனக்கு அரியரா டாக்டர்?"

"அப்படின்னா?"

"தேறலைன்னா அதே பாடத்த மறுபடியும் படிச்சு எழுதணும்."

"ஓ, ரிப்பீட்." பேனாவைத் திறந்து, கையெழுத்து இடத்தைத் தேடிக்கொண்டே சொன்னார். "ஆமா தம்பி, உங்களுக்கு ரிப்பீட்தான். அடுத்த செமஸ்டர் இதே பாடத்த, அதே சாத்தூர்க்காரங்களோட, மறுபடியும் எடுங்க."